குறுக்கே நிறுத்திய சிவப்புக் கார்

பிள்ளைகளா, நீங்கள் கைப்பேசியில் கார் ஓட்டும்போது எந்த வாசமும் வருவதில்லை. எனக்கு மட்டும் வரும்: சூடேறிய ஒயரும், பலபேர் கைவேர்வையில் பிசுபிசுத்துப்போன ஸ்டேரிங்கின் கறுப்பு டேப்பும் கலந்த வாசம். கோல சிலாங்கூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கடையில் அந்த "ரேஸ் பெட்டி" இருந்தது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கை, இரண்டு திரை. சனிக்கிழமை சாமான் வாங்க எங்கள் செம்பனைத் தோட்டத்து லோரி டவுனுக்கு வரும். அம்மாமார்கள் மார்க்கெட்டுக்குள் நுழைந்ததும் நாங்கள் அங்கே ஓடுவோம்.

அதில் அப்படி என்ன இருந்தது என்று கேட்பீர்கள். சைக்கிளைத் தாண்டி எதையும் ஓட்டியறியாத எங்களுக்கு, ஒரு மிதி மிதித்தால் மலையும் கடலும் பின்னால் பறந்தன. மேலே நொடிகள் குறைந்துகொண்டே வரும், அடுத்த கோட்டைத் தொட்டால் நேரம் கொஞ்சம் கூடும், தொடாவிட்டால் கார் நடுரோட்டிலேயே நின்றுவிடும். தோற்றவன் இறங்க வேண்டும், ஜெயித்தவன் உட்கார்ந்திருக்கலாம் என்பது எங்கள் சட்டம்.

தோட்டத்தில் பேர் வாசித்து வேலை பிரித்துக் கொடுக்கும் கிராணியின் மகன் தினகரன். நாங்கள் வேலையாட்களின் வரிசை வீடுகளான லயத்தில் இருந்தோம். மூன்று சனிக்கிழமை, நான் முந்தும்போதெல்லாம் எட்டி என் ஸ்டேரிங்கை இழுத்துவிட்டான். என் கார் சுவரில் மோதும். "லயத்துக்காரனுக்கு எதுக்குடா காடி? போய் உங்கப்பன் குலை தள்ளுற வண்டிய ஓட்டு லா" என்பான். என் கூட்டாளிகளே சிரித்தார்கள். அடிக்க முடியாது, கிராணி மகன்.

அந்த வாரம் முழுக்கப் பள்ளியில் வேறெதையும் நான் நினைக்கவில்லை. நாலாவது சனிக்கிழமை ஜெயிப்பதற்காக உட்காரவில்லை. முன்னால் பறந்துபோய், முதல் வளைவின் குறுகலில் என் சிவப்புக் காரைக் குறுக்கே நிறுத்தினேன். அவன் இடம் ஒடித்தால் நானும் இடம், வலம் ஒடித்தால் வலம்.

"வழி விடுடா டேய்."

"ஏறிப் போ லா."

என் ஸ்டேரிங்கைப் பிடித்து இழுத்தான். நிற்கிற காரை இழுத்து என்ன செய்வது? நொடிகள் தீர்ந்தன. இரண்டு திரையும் அணைந்தன. இந்தத் தடவை எல்லாரும் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள், அவன் அழுதான். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. அதை உங்களிடம் மறைக்கமாட்டேன்.

திங்கட்கிழமை காலை, வேலைக்குப் பேர் வாசிக்கும் "பெரட்டு"க் களத்தில், கிராணி என் அம்மாவை ஆற்றோரச் சதுப்புக்குச் செம்பனை உதிரிப்பழம் பொறுக்க மாற்றினார். "உன் மகன் வழிய அடைச்சு நிக்கிறதுல கெட்டிக்காரனாமே" என்று மட்டும் சொன்னாராம். இரண்டு மாதம் அம்மா முழங்கால் வரை சேற்றோடு வந்தார். ஒருநாள் குழாயடியில் காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்:

"ஜெயிச்சாவது தொலைச்சியாடா?"

"இல்லம்மா. ரெண்டு பேரும் அவுட்டு."

"அப்புறம் இந்தச் சேறு எதுக்குடா?"

அடித்திருந்தால் மறந்திருப்பேன்.

அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது துணி துவைக்கும் மெஷின்கள் சுற்றுகின்றன. தோட்டம் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது, சதுப்பின்மேல் செம்மண் கொட்டி ரோடு போட்டுவிட்டார்கள், அம்மாவும் போய்விட்டார். தினகரன் புஞ்சாக் ஆலாமில் வீடு வாங்கியிருக்கிறானாம். அவனை மன்னித்துவிட்டேன் என்று உங்களுக்குச் சொல்ல ஆசைதான், அந்த மனசு இன்னும் வரவில்லை.

போன மாதம் பேரங்காடியில் நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கை கழுவப் போகிறேன் என்று எழுந்தேன் அல்லவா? மேல்மாடியில் அதேபோல் இரட்டை இருக்கைப் பெட்டி ஒன்று நின்றது. இரண்டு பக்கமும் டோக்கன் போட்டேன், ஒன்றில் மட்டும் உட்கார்ந்தேன். பக்கத்துக் கார் புறப்படும் கோட்டிலேயே நின்றது. நான் மிதித்த காலை எடுக்காமல் கடைசி வளைவு வரை ஓட்டி, முதலாவதாக வந்தேன். திரையில் தெரிந்த வெற்றிக் கோப்பை, தானாக மறையும் வரை எழுந்திருக்கவில்லை.