லிட்டருக்கு மூன்று

“ஒரு மாடிக்கு எவ்வளவு நேரம்?”

மூன்றாம் மாடியிலிருந்து இறங்கிவந்த என்னிடம், கீழே பெயிண்ட் கடை வைத்திருக்கும் அக்கா கேட்டார். ஒரு நிமிடம் என்றேன்.

“அப்ப மூணு மாடிக்கு மூணு நிமிஷம். நீங்க கதவு சாத்துற சத்தம் கேட்டு பத்து நிமிஷம் ஆச்சே?”

நடுவில் நின்று இரண்டாம் மாடிக்காரரோடு வம்பளந்ததை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

எதைச் சொன்னாலும் ஒரு லிட்டருக்கு, ஒரு ஆளுக்கு, ஒரு அடிக்கு என்று இறக்கிப் பார்த்தால்தான் அக்காவுக்கு நிம்மதி. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு பெருக்குகிறவரும் அல்ல. ஒரு சுவர் காய இரண்டு மணி நேரமென்றால் நான்கு சுவருக்கு எட்டு மணி நேரம் என்று ஒருமுறை என் மேதாவித்தனத்தைக் காட்டினேன். “ஏன், ஒவ்வொரு சுவரா வரிசையில நின்னு காயுமா?” என்று கேட்டுவிட்டு டப்பாவைக் குலுக்கப் போய்விட்டார்.

போன வாரம் நண்பகலில் அவருடைய தம்பி வாளியோடு ஓடிவந்தார். “அக்கா, காரியத்தைக் கெடுத்துட்டேன்!”

தம்பி பெயிண்டர். நாற்பது வயதில், முதன்முதலாகத் தானே பேசி எடுத்த வேலை, ஒரு பல் டாக்டரம்மாவின் காத்திருப்பு அறை. இரண்டு லிட்டர் வெள்ளைக்கு ஆறு மில்லி நீலம் என்று அக்கா கலந்து கொடுத்ததில் ஒரு சுவர் முடிந்தது. டாக்டரம்மாவுக்குப் பிடித்துப்போயிற்று. மற்ற மூன்று சுவர்களும் அதே நிறத்தில் வந்தால் மேல்மாடி வேலையும் தம்பிக்கு. இல்லாவிட்டால் வேறு ஆள். மாலை நான்கு மணிக்குப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். அக்கா காலைச் சாப்பாட்டுக்குப் போயிருந்த நேரத்தில், கொஞ்சம் கூடவே இருக்கட்டும் என்று தம்பியே எட்டு லிட்டர் கலந்து, அதில் இரண்டை அடுத்த சுவரில் அடித்தும்விட்டார். சுவர் காய்ச்சலில் கிடந்து எழுந்ததுபோல் வெளிறிப்போயிற்று.

“எவ்வளவுடா ஊத்துன?”

“பன்னெண்டு. ஆறு லிட்டர் கூடுச்சு, ஆறு மில்லி கூட்டினேன். நியாயம்தானே?”

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. நல்லவேளை, வாயைத் திறக்கவில்லை.

“லிட்டருக்கு மூணுடா! எட்டுக்கு இருபத்திநாலு. பாதிதான் போட்டிருக்க.”

தம்பி உடனே சிரிஞ்சை எடுத்து, குறைந்த பன்னிரண்டு மில்லியை உறிஞ்சினார். அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“அவசரக்குடுக்கை! ரெண்டு லிட்டர் சுவத்துல ஏறியாச்சு. வாளியில ஆறுதான் இருக்கு. லிட்டருக்கு ஒண்ணரை குறையுது, அப்ப ஒம்போது. பன்னெண்டு ஊத்தினா இப்ப நீலம் தூக்கிடும்.”

ஒன்பது மில்லியைத் தானே ஊற்றி, வாளியின் அடிவரை கையைவிட்டுக் கலக்கினார். கடையை என்னிடம் விட்டுவிட்டு அக்கா தம்பியோடு போவதாகத்தான் ஏற்பாடு. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை; கதவைப் பூட்டிவிட்டு நானும் கூடப் போனேன். இரண்டு மணிக்குள் மூன்று சுவரும் முடிந்தன. பிறகு மூவரும் சுவர் காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

டாக்டரம்மா சொன்ன நேரத்துக்கு வந்தார். சுவரும் சுவரும் சேரும் மூலைகளில் நின்று, சொத்தைப் பல் தேடுகிறவர்போலக் குனிந்து குனிந்து பார்த்தார். தம்பி ரோலரைக் கீழே வைக்கவும் மறந்து நின்றார்.

“மேல்மாடியையும் நீங்களே பண்ணிடுங்க,” என்றார் டாக்டரம்மா. “நாலு சுவரும் ஒண்ணுபோல இருக்கே! யார் கலந்தது?”

தம்பி வாயெடுப்பதற்குள், அக்கா முழங்கைவரை நீலமேறிய கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, முகவாயால் தம்பியைக் காட்டினார்.