நாலாம் தவணை

தாலிகட்டு பத்து நாற்பத்திரண்டுக்கு என்றால், பாலேந்திரா அண்ணையின் வெள்ளை வான் ஒன்பதேகாலுக்கு மண்டபத்து வாசலில் திரும்பும். பெண்ணின் தகப்பன் அதற்குள் வாசலுக்கும் வீதிக்குமாக நடந்திருக்கும் நடையை ஒரே திசையில் நடந்திருந்தால் பிரைட்டன் கடற்கரையில் போய்க் கால் நனைத்திருப்பார். அண்ணை கண்ணாடியை ஆறுதலாக இறக்குவார். ஒரு கையில் தேநீர்க் கோப்பை, மறு கையில் பாதி கடித்த ரோல்ஸ். ஸ்டியரிங்கை எதனால் பிடித்து வந்தார் என்று நானும் பதினொரு வருடமாக அவருக்கு உதவியாளாகப் பக்கத்துச் சீட்டில் இருந்து பார்க்கிறேன், பிடிபடவில்லை.

"என்ன பாலேந்திரா இது, ஐயரே வந்திட்டார்."

"அவருக்கென்ன அண்ணை, மந்திரம் வாயில கிடக்கு. என்ர சாமான் வானிலயெல்லோ கிடக்கு."

அவருடைய தொழில் மணவறை போடுவது. எட்டுத் தூண், கோபுரம் மாதிரி ஒரு கூரை, பின்னால் சிவப்பு வெல்வெட் திரை, இரண்டு பக்கமும் இரண்டு மயில். அதில் ஒரு மயிலுக்குக் கழுத்து உடைந்து பசைநாடா சுற்றியிருக்கிறது. அதை எந்த மண்டபத்தில் வைத்தாலும் ஐயரையே சந்தேகமாகப் பார்க்கும். ஈஸ்ட் ஹாமில் இருந்து ஹாரோ வரைக்கும் தமிழ்ச் சனம் பாதிப் பேர் அந்த மயிலின் சாட்சியில்தான் குடும்பமானவர்கள்.

பிந்தி வருவாரே தவிர, அவரால் ஒரு தாலியும் ஒரு நிமிடம் பிந்தியதில்லை. ஒருமுறை கெட்டிமேளம் தொடங்கியபோது கடைசித் தூணுக்கு ஆணி அடித்து முடியவில்லை. அண்ணை திரைக்குப் பின்னால் நின்று தூணைக் கையால் பிடித்துக்கொண்டார். அந்த வீடியோவில் மாப்பிள்ளையின் தலைக்கு மேல் நாலு தடித்த விரல் இன்றைக்கும் தெரியும். அவர்களுடைய பிள்ளைக்கு இப்போது ஆறு வயது. அது கடவுளின் கை என்று சொல்லித்தான் வளர்க்கிறார்களாம்.

அண்ணையின் வாயில் மந்திரம் ஒன்றுதான். "இன்னும் நாள் கிடக்கு." நாள் இல்லாவிட்டால், "இன்னும் நேரம் கிடக்கு." அவர் கையில் கட்டியிருக்கும் மணிக்கூட்டை மனைவி நகுலேஸ்வரி அக்கா இருபது நிமிடம் முன்னால் வைத்திருக்கிறார். அண்ணைக்கு அது தெரியும். அதனால் நாற்பது நிமிடம் கழித்துவிட்டுப் பார்ப்பார்.

அக்காவுக்கு மருந்துக்கடையில் வேலை. தேதி முடிந்த மருந்துகளைத் தட்டில் இருந்து பொறுக்கி எறிவது அவருடைய பொறுப்பு. வீட்டில் அப்படிப் பொறுக்கி எறிய முடியாமல் இருப்பது ஒரே ஒரு சாமான்தான் என்று அக்கா சொல்வார். அண்ணை அதைக் கேட்டுச் சிரிப்பார், ஐந்து நிமிடம் பிந்தி.

இரண்டு பேரும் யாழ்ப்பாணத்தில் இருந்து நெதர்லாந்துக்குப் போய், அங்கே கடவுச்சீட்டு எடுத்து, 2006இல் இரண்டு பிள்ளைகளோடு லண்டனுக்கு வந்தவர்கள். பிரான்ஸ், ஜெர்மனி, டென்மார்க் என்று சுற்றி வந்து இங்கே கூடுகட்டிய தமிழர் ஆயிரக்கணக்கில் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் கடவுச்சீட்டு இருந்தால் யாரையும் கேட்காமல் இங்கே இருக்கலாம் என்பது அந்தக் காலம். பிறகு இந்த நாடு ஒன்றியத்தை விட்டு வெளியேறப் போகிறேன் என்றது. உங்களைப் போன்றவர்கள் தொடர்ந்து இருக்க விரும்பினால் விண்ணப்பம் போடுங்கள், கடைசி நாள் 2021 ஜூன் முப்பது என்றும் சொன்னது.

அக்கா 2019இலேயே தனக்கும் பிள்ளைகளுக்கும் போட்டுவிட்டார், தேநீர் ஆறுவதற்குள். "உங்கட பாஸ்போர்ட்டையும் தாங்கோ" என்று கேட்டதற்கு அண்ணை என்ன சொன்னார் என்று எழுதத் தேவையில்லை.

அந்த நாட்களில் வானுக்குள் ரேடியோவில் செய்திதான் ஓடும். அண்ணை பள்ளிக்கூடத்தில் கடைசி வாங்குப் பலகையிலும் பிந்தித்தான் போய் உட்கார்ந்தவர். ஆனால் ஒன்றியத்தின் சட்டத்தை அவர் விளக்கினால் நீதிபதிகள் குறிப்பெடுப்பார்கள்.

"இஞ்ச பார். வெளிய போறன் எண்டு கடிதம் குடுத்த நாளில இருந்து ரெண்டு வருசம். அதுதான் ஐம்பதாம் பிரிவு. கலியாண ஹோலை அஞ்சு மணிக்கு விடவேணும் எண்ட மாதிரி. நாங்கள் இன்னும் தூண் கழட்டேல்ல எண்டால் என்ன செய்வம்?"

"ஹோல்காரனிட்டக் கேட்பம்."

"ஓம். அவன் ஓமெண்டால் இன்னும் ஒரு மணித்தியாலம். இவைக்கு அப்பிடி இருபத்தேழு ஹோல்காரர். ஒருத்தன் ஏலாது எண்டாலும் சாமானோட வெளிய. ஆனா ஒருத்தரும் அப்பிடிச் சொல்லமாட்டினம், இருந்து பார்."

சொன்னபடியே நடந்தது. 2019 மார்ச் இருபத்தொன்பது என்று வைத்த நாள் ஏப்ரல் பன்னிரண்டு ஆனது. அது ஒக்டோபர் முப்பத்தொன்று ஆனது. அதுவும் போய் அடுத்த வருடம் ஜனவரி முப்பத்தொன்று ஆனது. ஒவ்வொரு தவணைக்கும் அண்ணை ரேடியோவுக்குக் கை காட்டி, தன் சொந்தத் தம்பி சோதனை பாஸ் பண்ணியதுபோல் சந்தோஷப்பட்டார். ஒரு முழு நாடு, கப்பற்படை எல்லாம் வைத்திருக்கிற நாடு, தன்னைப் போலவே வேலை செய்கிறது. வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்கு ஒரு நாட்டுப்பற்று வந்தது.

ஆக, ஜூன் முப்பது வந்தபோது அவர் ஸ்லவ்வில் ஒரு மண்டபத்து மேடையை அளந்துகொண்டிருந்தார். அக்கா பதினாலு தரம் தொலைபேசியில் கூப்பிட்டார். "தள்ளிப்போடுவினம்" என்று பதினாலு தரமும் அண்ணை சொன்னார். அடுத்த நாள் காலை வானில் ஏறியதும் முதல் வேலையாக ரேடியோவைப் போட்டார். காலநிலை சொன்னார்கள். கிரிக்கெட் சொன்னார்கள். ஒரு வாத்து வழிதவறி ரயில் நிலையத்துக்குள் புகுந்த கதை சொன்னார்கள். தவணை பற்றி ஒரு சொல் இல்லை.

எட்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவர்கள் பெரிய வீடொன்றுக்கு மாறப் போனபோது, வீட்டு ஏஜென்ட் இரண்டு பேரிடமும் ஷெயர் கோட் கேட்டான். இந்த நாட்டில் இருக்க அனுமதி உண்டு என்று காட்ட அரசின் இணையத்தளத்தில் எடுக்கிற இலக்கம் அது. அக்கா அந்த இடத்திலேயே எடுத்துக் கொடுத்தார். அண்ணை தன் மணிக்கூட்டைப் பார்த்தார்.

நூலகத்தின் பின்னறையில் புதன்கிழமைகளில் இலவசமாகச் சட்ட ஆலோசனை சொல்லும் பத்ரிநாராயணன் கும்பகோணத்துக்காரர். பத்து மணிச் சந்திப்புக்கு நாங்கள் ஒன்பதரைக்கே போய்விட்டோம். காரணம், வானை நான்தான் ஓட்டினேன். அக்கா திறப்பை அண்ணையிடம் கொடுக்கவில்லை.

"லேட்டா வர்றவங்களுக்கும் வழி இருக்கு சார்," என்றார் பத்ரிநாராயணன். "ஆனா ஏன் லேட்டுன்னு நியாயமான காரணம் எழுதணும். ஒடம்பு சரியில்லையா?"

"இல்லை."

"ஆஸ்பத்திரில இருந்தீங்களா?"

"நான் கல்லு மாதிரி."

"கடைசித் தேதி தெரியாதா?"

"தெரியும். இவ நாள்தோறும் சொன்னவ."

பத்ரிநாராயணன் பேனாவைக் கீழே வைத்தார். "சார், இது ரிஜெக்ட் ஆச்சுன்னா நீங்க இங்க இருக்கறதே சட்டப்படி செல்லாதுன்னு ஆயிடும். ஃபேமிலி இங்க, நீங்க ஹாலந்துல. அந்த நெலமைக்குப் போகக் கூடாதுன்னுதான் கேக்கறேன்."

நான் அண்ணையின் வாயைப் பார்த்தேன். இந்தப் பதினொரு வருடத்தில் எம் ட்வென்டி ஃபைவ் சாலையில் பிந்தியதற்குச் சாக்காக இவர் கவிழ்த்துவிட்ட கரவன் வண்டிகளை வரிசையாக நிறுத்தினால் ஸ்கொட்லாந்து வரும். வெயில் எரிக்கிற ஓகஸ்டில் பனிமூட்டம் இறக்கிய மனிதர். டார்ட்ஃபோர்ட் பாலத்தில் குதிரை படுத்திருக்கிறது என்று சொல்லி ஒரு தகப்பனை நம்பவைத்து, அந்தக் குதிரைக்காக அவரைக் கவலைப்படவும் வைத்தவர். அந்த வாயில் இருந்து ஒன்றும் வரவில்லை.

"சொல்லுங்கோவன்," என்றார் அக்கா. "எனக்குச் சொல்லுற மாதிரி ஒரு கரவனைக் கவிட்டு விடுங்கோவன்."

அண்ணை மேசையைப் பார்த்தபடி மெல்லச் சொன்னார். "இவையளுக்குப் பொய் சொல்லி மாட்டுப்பட்டால், உங்கள் மூண்டு பேரையும் விட்டிட்டு நான் எங்க போறது?"

அக்கா பேசாமல் இருந்தார். அது நடந்த ஆண்டையும் மாதத்தையும் கோயிலில் கல்வெட்டாக வைக்கலாம்.

பிறகு அண்ணை நிமிர்ந்தார். "சேர், உண்மையச் சொல்லுறன். இந்த நாடு வெளிக்கிடுறன் எண்டு நாள் வைச்சு, மூண்டு தரம் தள்ளிப்போட்டது. நாலாம் தரமும் தள்ளும் எண்டு நினைச்சன். வேற ஒண்டும் இல்லை."

பத்ரிநாராயணன் சிரித்த சிரிப்பில் நூலகத்துக்காரப் பெண் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார். "இதையே எழுதலாம் சார். தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னு எழுதணும். 'நீங்களே லேட்டு'ன்னு மட்டும் எழுதக் கூடாது."

"அதை அடியில சின்னதா ஒரு வரி போடேலாதோ?"

"எங்கயுமே போட முடியாது சார்."

மூன்று வரிக் கடிதத்துக்கு இரண்டு மணித்தியாலம் எடுத்தது. கடைசி நாள் முன்புபோல் நீடிக்கப்படும் என்று தவறாக விளங்கிக்கொண்டேன், அது என் பிழை என்று முடிந்தது. 'என் பிழை' என்ற இடத்தில் அண்ணை நிறுத்தி நிறுத்தி வாசித்தார், யாரோ வேற்று மொழியில் எழுதியதுபோல. பதினாறு வருடம் இங்கே வரி கட்டிய தாள்களை அக்கா ஆண்டுவாரியாக அடுக்கி இணைத்தார். முடிவு வரும்வரை இருக்கலாம், வேலை செய்யலாம் என்று ஒரு சான்றிதழ் வந்தது. முடிவு எப்போது வரும் என்று அதில் இல்லை.

அன்று தொடங்கியது பிரச்சினை. அண்ணை நேரத்துக்கு வரத் தொடங்கினார்.

தன்னுடைய விண்ணப்பக் கோப்பைக் கையில் வைத்திருக்கும் அதிகாரி ஒருவன் எந்த மண்டபத்து மூலையிலாவது நின்று தான் வருகிற நேரத்தைக் குறிக்கிறான் என்று அவருக்கு ஒரு பயம். விடிய ஆறு மணிக்கு வான் போய் நிற்கும். காவலாளிக்கு முதல், பால்காரனுக்கு முதல், சில நாள் சூரியனுக்கும் முதல்.

இதனால் வந்த சேதம் சொல்லி முடியாது. பாலேந்திரா வந்துவிட்டாரா என்று கேட்டு உலை வைப்பதுதான் சமையல்காரருக்குப் பழக்கம். அவர் வந்துவிட்டார் என்றால் பெண்ணுக்குத் தலை பின்னி முடித்திருக்க வேண்டும் என்பது அலங்காரக்காரிக்குக் கணக்கு. றமணன் என்ற தகப்பன் தன் மகளின் கலியாணத்தன்று ஏழு மணிக்கு மண்டபத்தை எட்டிப் பார்த்து, மணவறை முழுதாக எழும்பி மின்விளக்கும் எரிவதைக் கண்டு, வாசல் தூணைப் பிடித்துக்கொண்டே கீழே உட்கார்ந்துவிட்டார்.

"தாலி கட்டி முடிஞ்சுதோ?" என்று என்னைக் கேட்டார்.

"இல்லை அண்ணை, இன்னும் மூண்டரை மணித்தியாலம் கிடக்கு."

"அப்ப உவர் ஏன் வந்தவர்?"

அவர் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து எல்லோரையும் கிளப்ப, மணப்பெண் பாதி பின்னிய தலையோடு காரில் ஏறினாள். சோறு பத்து மணிக்கே குழைந்தது. சனம் முறையிட்டது. பிந்தி வந்தால் திட்டலாம், முந்தி வருகிற மனிதனை என்ன சொல்லித் திட்டுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

அண்ணையும் இளைத்துப் போனார். ரோல்ஸ் கடிப்பதில்லை, சிரிப்பதில்லை. எட்டு மாதத்தில் ஒரு கரவன்கூடக் கவிழவில்லை. ஆணி அடிக்கிறபோது நிறுத்தி, "இஞ்ச, மறுத்தால் எத்தினை நாளுக்குள்ள மேல எழுதவேணும்?" என்று கேட்பார். இருபத்தெட்டு நாள் என்று பத்ரிநாராயணன் சொன்னதை நான் இருபத்தெட்டாயிரம் தரம் சொல்லியிருப்பேன்.

கடைசியில் ஹாரோப் பக்கம் ஒரு வெள்ளிக்கிழமைக் கலியாணம். நாங்கள் ஆறு மணிக்கே போய், பூட்டிய மண்டபத்துக்கு முன்னால் வானுக்குள் குளிரில் இருந்தோம். எட்டு மணிக்குச் சற்று முன் அக்காவின் அழைப்பு. அண்ணை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

"இஞ்சருங்கோ, முடிவு வந்திருக்கு. நேற்றுப் பின்னேரமே வந்து ஈமெயில் குப்பைப் பெட்டிக்குள்ள கிடந்திருக்கு, நான் இப்பத்தான் பாத்தன்."

"நீ பிந்திப் பாத்தியோ?"

"அதைப் பேந்து கதைப்பம். தந்திட்டினம்."

அண்ணை தொலைபேசியை நோக்கிக் குனிந்தார். "எது வரைக்கும்?"

"எது வரைக்கும் எண்டு இல்லை."

"வடிவாப் பார். ஒரு திகதி போட்டிருப்பினம்."

"ரெண்டு தரம் பாத்திட்டன். கால எல்லை இல்லையாம். இருக்கிற காலத்துக்கு இருக்கலாமாம்."

அண்ணை "சரி" என்றார். இன்னொரு தரமும் "சரி" என்றார். அழைப்பு முடிந்தது.

அந்த நேரம் காவலாளி வந்து கதவைத் திறந்தான். பெண்ணின் தகப்பன் காரில் இருந்து இறங்கி எங்களை நோக்கிக் கை காட்டினார். நான் இறங்கி வானின் பின்கதவைத் திறந்து முதல் தூணை இழுத்தேன். அண்ணையைக் காணவில்லை. முன்னால் போய்ப் பார்த்தேன். சீட்டை முழுதாகப் பின்னால் சாய்த்து, மணவறையின் சிவப்பு வெல்வெட் திரையைக் கழுத்து வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வாயைத் திறந்தபடி நல்ல நித்திரை.