சங்கு ஊதினால் திரும்பும் குதிரை

மத்திகிரியில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டை ஒட்டிய காலி மனையில்தான் சித்தப்பாவின் வெள்ளைக்குதிரை நிற்கும். கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை போனதும், கல்யாண ஊர்வலங்களுக்கு விடலாம் என்று அத்திப்பள்ளிப் பக்கமிருந்து ஓட்டி வந்திருந்தார். குதிரைக்கு வேண்டியது கொள்ளும் சாட்டையும் என்பது அவர் சித்தாந்தம். இரண்டையும் குறைவில்லாமல் கொடுத்தார்.

நான் மூன்றாம் வகுப்பு. ஐந்தரைக்குக் கம்பெனிச் சங்கு ஊதும். அப்பா கேன்டீன் பன்னோடு வீடு வந்து சேர அரைமணியாகும். அந்த அரைமணி எனக்குக் குதிரையோடுதான். வாய்ப்பாடு ஒப்பிப்பேன், டீச்சர் அடித்ததைச் சொல்வேன், ஒன்றும் தோன்றாவிட்டால் பக்கத்துக் கல்லில் சும்மா உட்கார்ந்திருப்பேன். பன் வந்ததும் ஆளுக்குப் பாதி. ஆரம்பத்தில் என்னைக் கண்டால் பின்னங்காலைத் தூக்கிய குதிரை, மழைக்காலம் முடிவதற்குள் சங்குச் சத்தம் கேட்டாலே என் வழியைப் பார்த்துக் கனைக்க ஆரம்பித்தது.

ஒருநாள் பிள்ளையார் கோயிலிலிருந்து ஒரு மாப்பிள்ளை ஊர்வலம். குதிரை இல்லாவிட்டாலும் பழக்க தோஷத்தில் நான் கல்லில்தான் உட்கார்ந்திருந்தேன். சங்கு ஊதியது. தூரத்தில் பேண்டு சத்தம் பாதியில் நின்றது. தெருக்குழாயடியில் அம்மா "ஐயையோ!" என்று குடத்தைக் கீழே போட்டார். திரும்பிப் பார்த்தேன். எதிரே குதிரை. அதன் மேல், தலைப்பாகை கண்ணை மறைக்க, அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை.

"நான் ஒண்ணும் பண்ணலைங்க. அதுவா வந்துடுச்சு" என்றார், அழாத குறையாக.

செருப்பில்லாமல் ஓடிவந்த சித்தப்பா கடிவாளத்தை இழுத்தார். அசையவில்லை. சாட்டையை ஓங்கினார். அதற்கும் அசையவில்லை. என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றது. பன்னுக்காக வந்திருக்கிறதே, கையில் பன் இல்லையே என்று எனக்குக் கவலை. இதற்காக அதை விற்றுவிடுவாரோ என்ற பயம் வேறு. "வா, போலாம்" என்று முன்னால் நடந்தேன். பின்னாலேயே வந்தது. வீட்டுப் பாவாடையோடு மண்டபம் வரைக்கும் ஊர்வலத்தை நான்தான் நடத்திப் போனேன்.

"ஏங்க, குதிரை உங்களுதா, பாப்பாவுதா?" என்றார் மாப்பிள்ளையின் மாமா. கூட்டமே சிரித்தது. சித்தப்பா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளே இரண்டு கல்யாணக்காரர்கள் வந்தார்கள். "பாப்பா பேச்சு கேக்குதாமே, அந்தக் குதிரையேதான் வேணும்" என்றார்கள். வேறிடம் பாருங்கள் என்று சித்தப்பா அனுப்பிவிட்டார். மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் மனையில் முளைக்குச்சி மட்டும் நின்றது. வேப்பனப்பள்ளிக்காரர் ஒருவர் ஓட்டிப் போய்விட்டாராம். சங்கு ஊதும் வரை அழுதேன், ஊதிய பிறகும் அழுதேன்.

எல்லாம் என் பன்னால் வந்த வினை என்று பல நாள் பன்னைத் தொடவில்லை. தேடி வந்த பிழைப்பை எதற்காக விற்றார் என்று எட்டு வயதில் எனக்கு விளங்கவில்லை. ஒரு வருஷம் தீனி போட்டவர் அவர். அவர் தோளில் அது ஒருநாளும் முகம் வைத்ததில்லை.