பிள்ளைகள்: இல்லை

டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் விக்ரோரியாவைத் தெரியாத தமிழர் இல்லை. தெரிந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அவரைப் பற்றிச் சொல்வது ஒன்றுதான்: "பாவம், தனிக்கட்டை. பிள்ளை குட்டி ஒண்டுமில்லை." அதைக் கேட்கும்போதெல்லாம் நான் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தப் பொய்யை அவருக்குச் செய்து கொடுத்தவனே நான்தான்.

என் பெயர் அந்தோனிதாசன். இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். சும்மா இருந்தால் மனிசியோடு சண்டை வருகிறது என்று, விக்ரோரியா வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் வான் வண்டியை இப்போது சம்பளமில்லாமல் ஓட்டுகிறேன்.

1986இல் அகதி முகாமில்தான் அவரை முதலில் கண்டேன். நான் அவருக்கு ஆறு மாதம் முந்தி வந்தவன். அந்த ஆறு மாதத்தில் டெனிஷில் இருபது சொல்லும், டென்மார்க்கின் சட்டம் முழுவதும் எனக்குத் தெரிந்துவிட்டதாக நினைப்பு. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் விசாரணைக்கு முதல் என்னிடம் வந்து யோசனை கேட்பார்கள். நானும் காலுக்கு மேல் கால் போட்டுக்கொண்டு சொல்வேன்.

விக்ரோரியாவுக்கு அப்போது இருபத்துமூன்று வயது. மன்னார், பேசாலை. கணவர் சூசைதாசன் கடலுக்குப் போனவர், சுடப்பட்டுப் பிணமாகத்தான் கரைக்கு வந்தார். பதினான்கு மாதக் குழந்தையைத் தங்கை ஜசிந்தாவிடம் விட்டுவிட்டு, "ஆறு மாசத்தில கூப்பிடலாம்" என்று ஊரே சொன்னதை நம்பிப் புறப்பட்டு வந்திருந்தார்.

"விசாரணையில பிள்ளையைப் பற்றி மூச்சும் விடாதையும், தங்கச்சி," என்றேன் நான். "பிள்ளையை விட்டிட்டு வந்தனெண்டு சொன்னீரெண்டால், பிள்ளை இருக்கிற ஊரில உமக்கென்ன பயமெண்டு கேட்டுத் திருப்பிப் பிளேனில ஏத்திவிடுவாங்கள்."

"பேந்து பிள்ளையைக் கூப்பிடேலுமோ, அண்ணை?"

"பேந்து பாப்பம்."

எனக்கு இதைச் சொன்னவன் யார் என்று கேட்டால், அவனுக்கும் யாரோ சொன்னதுதான். முகாமில் சட்டம் அப்படித்தான் பரவியது. விக்ரோரியா போய் நான் சொன்னபடியே சொன்னார். படிவத்தில் 'பிள்ளைகள்' என்ற இடத்தில் 'இல்லை' என்று விழுந்தது.

அந்த வாரம் முழுவதும் அவர் சட்டைக்கு மேல் துவாயைப் போர்த்திக்கொண்டு திரிந்தார். குளிராக்கும் என்று நினைத்தேன். பால் கட்டிக் காய்ச்சலில் கிடந்திருக்கிறார் என்று பல வருடம் கழித்து என் மனிசி சொன்னாள். இல்லாத பிள்ளைக்குப் பால் எப்படி வந்தது என்று டாக்டர் கேட்டுவிடுவாரோ என்ற பயத்தில் மருந்துக்கும் போகவில்லையாம். என்னை நானே செருப்பால் அடிக்க வேண்டும் என்று தோன்றிய நாள் அது.

வதிவிட அனுமதி கிடைத்தபின் பிள்ளையைக் கூப்பிட வேண்டும் என்று மறுபடியும் என்னிடம்தான் வந்தார். "முதல் சொன்னது பொய்யெண்டு பிடிச்சால் உம்மையும் ஏத்திவிடுவாங்கள்" என்று மறுபடியும் நான்தான் சொன்னேன். ஒரு வழக்கறிஞரிடமாவது கேட்டுப் பார்த்தோமா? இல்லை. பின்னாளில் வேறு அலுவலாகச் சந்தித்த வழக்கறிஞர் ஒருவர், "அப்போதே உண்மையைச் சொல்லிக் கேட்டுப் பார்த்திருக்கலாமே" என்று சாதாரணமாகச் சொன்னார். அதை இன்றுவரைக்கும் விக்ரோரியாவிடம் நான் சொல்லவில்லை.

இதற்கிடையில் போர் முற்றிப் பேசாலைச் சனம் இடம்பெயர்ந்தது. பத்திரங்கள் எல்லாம் தொலைந்தன. பிள்ளை பெறாத ஜசிந்தா, குழந்தைக்குப் பிறப்புப் பத்திரம் புதிதாக எடுக்கும்போது தன் பெயரையே தாய் என்று போட்டுவிட்டாள். பிறகு ஒரு கடிதம் எழுதினாள்: "அக்கா, றொஷானி என்னை அம்மா எண்டுதான் கூப்பிடுறாள். என்ர சீவன் உள்ளவரைக்கும் அவளுக்கு ஒண்டும் சொல்லாதை." விக்ரோரியா மாதாவின் மேல் ஆணையிட்டுச் சம்மதம் எழுதினார். அன்றிலிருந்து பெற்ற மகளுக்கு அவர் பெரியம்மா.

பிறகு முப்பது வருடத்துக்கு மேல் அவர் மற்றவர்களின் தாய்மாரைக் குளிப்பாட்டினார், தலை வாரி இழுத்துவிட்டார், கறுப்புப் பாணைச் சின்னச் சின்னதாக வெட்டி ஊட்டிவிட்டார். கலியாணம் பேசி வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார். ஊருக்குப் போனது மூன்று தரம். மூன்று தரமும் பெரியம்மாவாகப் போய்ப் பெரியம்மாவாகவே திரும்பினார்.

போன வருடம் ஜசிந்தா புற்றுநோயில் செத்துப்போனாள். பூசை வைத்த கையோடு விக்ரோரியா என்னிடம் சொன்னார்: "ஆணை முடிஞ்சுது, அண்ணை. அவளை இஞ்ச கூப்பிட்டு நேரில சொல்லப் போறன்."

அழைப்புப் படிவம் நிரப்ப என் வீட்டுக்கு வந்தார். 'வருபவர் உங்களுக்கு என்ன உறவு?' என்ற இடத்தில் பேனா நின்றது.

"மகள் எண்டு எழுதும்," என்றேன்.

"அந்தப் பழைய ஃபைலில இல்லையெண்டெல்லோ கிடக்குது. இப்ப மகளெண்டால் தோண்ட மாட்டாங்களோ? விசா இல்லையெண்டு போட்டாங்களெண்டால்?"

முப்பத்தெட்டு வருடத்துக்கு முன் நான் விதைத்த பயம், மரமாகி நின்றது. குடியுரிமை எடுத்து இருபது வருடமான விக்ரோரியா 'தங்கையின் மகள்' என்று எழுதினார். நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

றொஷானி ஆடி மாதம் வந்தாள். முப்பத்தொன்பது வயது, பள்ளிக்கூட ரீச்சர், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். நடை, குரல், கோபம் வந்தால் மூக்கைச் சுருக்குவது எல்லாம் அச்சு அசல் விக்ரோரியா. மூன்று கிழமை நின்றாள். ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்கிறேன் என்பார் விக்ரோரியா. ஒவ்வொரு நாளும் ஒரு சாட்டு வரும். றொஷானியின் வாயிலோ எந்நேரமும், "அம்மா இப்பிடித்தான் மீன் வெட்டுவா, அம்மாக்கு இந்தப் பூ விருப்பம்," என்று செத்துப்போன ஜசிந்தாவின் கதைதான். விக்ரோரியா 'ஓம் பிள்ளை' என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

கடைசியில், புறப்பட இரண்டு நாள் இருக்கையில், "கிரியோல் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சொல்லப் போறன், அண்ணை. நீங்கள் காரைக் கொண்டு வாங்கோ," என்றார்.

ஃபியோர்ட் என்னும் கடற்கழியின் கரையில், தண்ணீரைப் பார்த்தபடி இருக்கும் பழைய வீடு அது. கரிபியன் தீவுகளில் டென்மார்க் கொடி பறந்த காலத்தில், அங்கிருந்து சீனி ஏற்றிய ஒரு கப்பல் தலைவர் திரும்பி வந்து கட்டியது. அந்தத் தீவுகளில் பிறந்து வளர்ந்த கலப்பு மக்களுக்குக் கிரியோல் என்று பெயர். அவர்கள் கட்டும் பாணியிலேயே, சுற்றிவர விறாந்தையும் ஆளுயரப் பலகை யன்னல்களுமாகக் கட்டியிருக்கிறார். வெயிலுக்குச் செய்த விறாந்தை. எங்கள் ஜூட்லாந்துப் பகுதிக் காற்றில் அங்கே ஐந்து நிமிடம் நின்றால் காது விறைக்கும். இப்போது அது மியூசியம். முதியோர் இல்லத்திலிருந்து ஒவ்வொரு கோடையும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போவோம். அங்கே ஒரு படத்துக்கு முன்னால் விக்ரோரியா நெடுநேரம் நிற்பார். நான் சக்கர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன்.

அன்றைக்கு ரிக்கற் கொடுக்கும் பெண், வழக்கமாக வருகிறவர் என்பதால் சிரித்துக்கொண்டே டெனிஷில் கேட்டாள்: "உங்கள் மகளா? நல்ல சாயல்!"

விக்ரோரியா நிமிர்ந்தார். சொல்லு, சொல்லு என்று உள்ளுக்குள் கத்தினேன். பழகின வாய் தன் பாட்டுக்குச் சொல்லிவிட்டது: "இல்லை, தங்கையின் மகள்."

"என்னவாம் கேட்டவ, மாமா?" என்றாள் றொஷானி என்னிடம்.

"நீர் ஆரெண்டு."

"பெரியம்மா என்ன சொன்னவ?"

"தங்கச்சியின்ர மகளெண்டு."

அவள் தலையை ஆட்டினாள். பேதுரு இயேசுவைத் தெரியாதென்று மூன்றாம் தரம் மறுதலித்தபோது சேவல் கூவியது. இங்கே வெளியே கடற்காகம்தான் கத்தியது.

படம் மாடி அறையில் இருக்கிறது. பழைய புகைப்படம். வெள்ளைச் சட்டை போட்ட கப்பல் தலைவரின் மகன், ஒரு கறுத்த இளம் பெண்ணின் மடியில். கீழே இருந்ததை றொஷானி வாசிக்கச் சொன்னாள். பையனுடைய முழுப்பெயரும் பிறந்த தேதியும் இருந்தன. பிறகு 'தாதியுடன்' என்று ஒரு சொல்.

"இவவின்ர பெயர்?"

"எழுதேல்லை, பிள்ளை."

பக்கத்தில் கண்ணாடிக்குள் கப்பல் தலைவரின் மனைவி எழுதிய கடிதம் ஒன்று. அதையும் தமிழில் சொன்னேன்: 'எங்கள் தாதி தன் கைக்குழந்தையைத் தீவில் விட்டு வந்தவள். கப்பல் வரும்போதெல்லாம் இறங்குதுறைக்குப் போய்ச் செய்தி உண்டா என்று கேட்கிறாள். வேலை கெடுகிறது.'

றொஷானி படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பி, நேராக விக்ரோரியாவின் முகத்தைப் பார்த்தாள்.

"அந்தப் பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்குமோ, பெரியம்மா? தாய் இஞ்ச இருக்கிறாவெண்டு?"

இதைவிட ஒரு கதவு திறக்குமா? விக்ரோரியாவின் உதடு அசைந்தது. கைப்பையின் வாரை முறுக்கினார். நான் யன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றேன். கீழே தண்ணீரில் ஒரு சின்னப் படகு போய் வளைவில் மறைந்தது.

"பசிக்குதோ, பிள்ளை?" என்றார் விக்ரோரியா. "கீழ நல்ல கேக் இருக்கு."

விறாந்தையில் மேசை பிடித்து இருந்தோம். விக்ரோரியா கேக் வாங்க உள்ளே போனதும் றொஷானி குரலைத் தாழ்த்தினாள்.

"மாமா, எனக்குத் தெரியும்."

நான் உள்ளே நின்ற விக்ரோரியாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"கலியாணத்துக்கு ஞானஸ்நானப் பத்திரம் எடுக்கப் போனனான். அம்மா எல்லாப் பத்திரமும் மாத்தினவ, கோயில் புத்தகத்தை மறந்திட்டா. தாய் எண்ட இடத்தில விக்ரோரியா எண்டு கிடந்தது. பன்னிரண்டு வருசமாச்சு. அம்மாக்கு நோகுமெண்டு நான் வாயே திறக்கேல்லை. இப்ப இவ தன்ர வாயால சொல்லட்டும் எண்டுதான் வந்தனான். நீங்கள் சொல்லிப்போடாதேங்கோ. சொல்லிக் குடுத்துச் சொன்னால் அது எனக்கு வேண்டாம்."

விக்ரோரியா மூன்று தட்டுடன் வந்தார். பெரிய துண்டை மகளுக்கு வைத்தார். அரை வாழ்க்கை கேட்டவர்களுக்கெல்லாம் யோசனை சொன்னவன், சொல்ல வேண்டிய அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள் பில்லுண்ட் விமான நிலையத்தில் றொஷானி கட்டிப்பிடித்தாள். விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள், இன்னும் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. விக்ரோரியா அவள் முதுகைத் தடவி, "போய்ச் சேர்ந்ததும் ஃபோன் எடு, பிள்ளை," என்றார்.

"போயிட்டு வாறன், பெரியம்மா."

திரும்பும் வழியில் என்னால் முடியவில்லை. காரைப் பெற்றோல் நிலையத்தில் நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார், அடிப்பார் என்று நினைத்தேன்.

"கோயில் புத்தகத்தில என்ர பெயர் கிடக்குதோ?" என்று கேட்டார். "அழிக்கேல்லையோ, அண்ணை?" அதற்குப் பிறகுதான் அழுதார். முப்பத்தெட்டு வருடம் அவர் அழுது நான் கண்டதில்லை. நானும் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன்.

றொஷானி ஊர் போய்ச் சேர்ந்த அன்று, விக்ரோரியா எங்கள் குசினியில் இருந்துதான் அவளுக்கு ஃபோன் எடுத்தார். ஃபோனை நான் மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"பிள்ளை, நான்தான் உன்ர அம்மா," என்றார் விக்ரோரியா, முகமன்கூடச் சொல்லாமல்.

றொஷானி சொன்னாள்: "ஒரு தரம் அம்மா எண்டு கூப்பிடுவம் எண்டுதான் அவ்வளவு தூரம் வந்தனான். மூண்டு கிழமையும் உங்கட வாயையே பாத்துக்கொண்டிருந்தன். இப்ப எனக்கு வாயில வருகுதில்லை. கோவமில்லை, பெரியம்மா. மருந்தை ஒழுங்காப் போடுங்கோ."

பிறகும் எடுத்துக் கதைக்கிறாள். பண்டிகைக்குப் பிள்ளைகளின் படம் அனுப்புகிறாள். பெரியம்மா என்றுதான் கூப்பிடுகிறாள்.

இந்தக் கோடையும் வானில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கிரியோல் வீட்டுக்குப் போனோம். அதில் இங்கா என்று தொண்ணூற்றொரு வயதுக் கிழவி, நினைவு தப்பியவர். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் கேட்டதையே கேட்பார். அந்தப் படத்துக்கு முன்னால் சக்கர நாற்காலியை நிறுத்தியதும் கேட்டார்: "விக்ரோரியா, உனக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா?"

நாலு வருடமாக இதே கேள்விக்கு 'இல்லை' என்று சொன்னவர், அன்றைக்குக் குனிந்து கிழவியின் போர்வையைச் சரிசெய்தபடி சொன்னார்: "ஒரு மகள் இருக்கிறாள்."

"நல்லது, நல்லது," என்றார் இங்கா. மறந்துபோய்த் திரும்பக் கேட்டார். விக்ரோரியா திரும்பச் சொன்னார். பெயர் றொஷானி என்றார். ரீச்சர் என்றார். பதினான்கு மாதத்தில் விட்டுவிட்டு வந்தேன் என்றார். ஒவ்வொரு தரமும் முதல் தரம் கேட்பது போலவே பதில் சொன்னார். நான் பின்னால் நின்று எண்ணினேன், ஏழு தரம்.

ஏழாம் தரம் கிழவி இன்னொன்றும் கேட்டார்: "உன்னைப் பார்க்க வருவாளா?"

"வந்தாள்," என்றார் விக்ரோரியா. "நான்தான் வீட்டில் இருக்கவில்லை."