வலைக்கு அடியில் கட்டும் தோல்

பத்தாவதோடு நின்றவள் எழுத உட்கார்வது அதிகப்பிரசங்கித்தனம்தான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூசுகிறவள் நான். பொறுத்துக்கொள்ளுங்கள். அன்று ஒரு நாள் வாய் திறந்துவிட்டேன், அதனால் எழுதுகிறேன்.

ஆம்பூரில் என் கொழுந்தனார் சின்னதாக ஒரு ஷெட் வைத்திருக்கிறார். ஷூ கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க். தடித்த தோல் தைக்கும் மெஷினில் உட்கார்வது நான் மட்டும்தான். இந்த வருஷம் ஆர்டர் கம்மி. ஷெட்டை மூடுவது பற்றிக்கூடப் பேச்சு வந்தது. அப்போதுதான் கடற்கரைப் பக்கத்து விசைப்படகுக்காரர் ஒருவர், பேரணாம்பட்டில் வாங்கிய எருமைத் தோல்களோடு வந்தார். இரண்டிரண்டாக வைத்துத் தைத்து, ஓரத்தில் வளையம் போட வேண்டும். அளவு காட்ட, கிழிந்த வலை ஒன்றை என் மேசைமேல் வீசினார்.

கண்ணிகளில் வெள்ளைச் சுள்ளி போல ஏதோ சிக்கியிருந்தது. தொட்டால் கல். பக்கத்தில் பழுப்பாக, பஞ்சு போல ஒன்று. தோல் நாற்றத்திலேயே வளர்ந்த நானே மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

“இது இன்னாங்க?”

“பவளம்மா. அது கடல்பஞ்சு. ஆழத்துல பாறை மேல காடு மாதிரி கெடக்கும். மீனு அதுக்குள்ளதான் ஒண்டிக்கினு குஞ்சு வளக்கும். வலை பிஞ்சிடும்னு அந்தப் பக்கம் யாரும் போறதில்ல. தோல அடியில கட்டிட்டா வலைக்கு ஒண்ணும் ஆவாது. நாலு இழுப்பு இழுத்தா மொட்டைத் தரை.”

வலை கிழியும் என்ற பயம் ஒன்றுதான் அந்த இடத்துக்குக் காவல். அதையும் எடுத்துவிட என் கை வேண்டியிருக்கிறது.

“அப்புறம் மீனு எங்க போவும்?”

“அதுக்குள்ள எனக்கு வயசாய்டும்,” என்று சிரித்தார். அந்தச் சிரிப்புதான் எனக்கு ஆகவில்லை.

“நான் தைக்க மாட்டேன்.”

கொழுந்தனார் திரும்பிப் பார்த்தார். “இன்னா அண்ணி, திடீர்னு? தோல் கழிவால பாலாத்துல நுரை போறப்ப கம்முனு இருந்தீங்க. இப்ப கடலுக்கு வக்கீலா?”

தோல் மடிக்கும் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“பாலாத்துக்கு யாரும் என்னை வந்து கேக்கல தம்பி. இதுக்குக் கேக்கறீங்க.”

“ஷெட்ட மூடினா, உங்க வீட்லயும்தான் அடுப்பு எரியாது. அண்ணன்கிட்ட நீங்களே சொல்லிக்கோங்க.”

“சொல்லிக்கிறேன்.”

“உங்க பேஜார அப்பால வெச்சிக்கோங்க,” என்றார் படகுக்காரர். “வேற ஆளு இல்லியா?”

கொழுந்தனார் என்னைப் பார்த்தபடியே போனை எடுத்தார். நான் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். யாரும் கூப்பிடவில்லை.

மறுநாள் வாணியம்பாடியிலிருந்து ஒருவர் வந்து என் மெஷினில் உட்கார்ந்தார். சாயங்காலம் தோல்கள் வண்டி ஏறின.