மெயின் சுவிட்சில் தொங்கிய பூட்டு

என் அக்காவை யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். குறை சொல்ல நான் இருக்கிறேன், போதாதா?

வீட்டில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். பதினைந்து வருடத்தில் எட்டு வேலை பார்த்தாள். துணிக்கடை, பள்ளிக்கூட அலுவலகம், மருந்துக் கம்பெனி, பல் டாக்டர் கிளினிக் என்று வரிசையாக. எங்கே போனாலும் முதல் மூன்று மாதம் ஓகோ என்று இருக்கும். பிறகு எதையாவது மறப்பாள். பல் டாக்டரிடம் ஒரே நேரத்துக்கு நான்கு பேரை வரச் சொல்லிவிட்டாள். நான்கு பேரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து முறைத்தார்களாம். அடுத்த வாரம் பார்த்தால் வீட்டில் இருப்பாள். "ஒரு இடத்துல குப்பை கொட்டத் தெரியாதா உனக்கு?" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். நான் ஒத்து ஊதுவேன்.

முப்பத்தேழு வயதில் ஒரு மனநல மருத்துவர் அவளுக்கு ஏ.டி.ஹெச்.டி. என்றார். கவனம் சொன்ன இடத்தில் நிற்காது. பிடித்த வேலை என்றால் பசிகூடத் தெரியாது, பிடிக்காத வேலை பத்து நிமிடம் தாங்காது. சின்ன வயதிலிருந்தே இருந்திருக்கிறது, யாரும் கண்டுகொள்ளவில்லை என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சோம்பேறித்தனத்துக்கு டாக்டரே சர்டிபிகேட் குடுத்துட்டாரா?" இந்த நாக்கை அறுத்துப் போட வேண்டும். அக்கா மருந்துச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் லிப்ட் பழுது பார்க்கும் வேலைக்குப் போனாள். கூடப் பயிற்சி எடுத்தவர்களுக்கெல்லாம் இருபது வயது. தினமும் வேறு கட்டடம், வேறு கோளாறு. நாலு பேர் மண்டையைப் பிய்த்துக்கொண்ட கோளாறை, மெஷின் அறையில் காதைத் தீட்டிக்கொண்டு நின்று பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவாள். ஒரு வருடம் முடிந்தால் வேலை நிரந்தரம். "என்ன பண்றேன்னு யாராவது கேட்டா இனிமே முழிக்க வேண்டாம்டி. லிப்ட் மெக்கானிக்னு சொல்லுவேன்," என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு. லிப்டில் கை வைக்கும் முன் மெயின் சுவிட்சை அணைத்து, தன் பெயர் எழுதிய பூட்டைப் போட வேண்டும். சாவி பூட்டியவரின் பையில்தான் இருக்கும். பூட்டு தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். முதலாளியே வந்தாலும் அதைத் தொடக் கூடாது.

பதினோராவது மாதம். ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் வேலையை முடித்துவிட்டுக் கையைத் துடைக்கும்போது போன் வந்தது. நாலு தெரு தள்ளி ஒரு கர்ப்பிணிப் பெண் லிப்டில் மாட்டிக்கொண்டாள். அக்கா போட்டது போட்டபடி வண்டியில் பறந்தாள். இருபது நிமிடத்தில் அந்தப் பெண்ணை வெளியே கொண்டுவந்தாள். போன் சார்ஜ் தீர்ந்து அணைந்தது தெரியாமல், அந்தச் சந்தோஷத்தோடு நேராக என் வீட்டுக்குச் சாப்பிட வந்துவிட்டாள்.

பாதிச் சாப்பாட்டில் என் போன் அடித்தது. அவளுடைய சூப்பர்வைசர். அவசரத்துக்கு என்று என் எண்ணைக் கொடுத்திருந்தாள்.

"உங்க அக்கா அங்க இருக்காங்களா?"

"இருக்கா சார். சாப்பிட்டுட்டு இருக்கா."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. பிறகுதான் கத்தினார். "பூட்டு அப்படியே தொங்குதும்மா! ஆளையும் காணோம், போனும் போகல. லிப்ட் குழியில விழுந்துட்டாங்களோன்னு ஒன்றரை மணி நேரமா டார்ச் அடிச்சுத் தேடிட்டு இருக்கோம்!"

அக்கா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தாள். சாவி இருந்தது. எச்சில் கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "போச்சுடி. இதுவும் போச்சு."

வண்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டு நான் புத்தி சொன்னேன். "நீ மேல வராத. சாவிய நான் குடுத்துட்டு வரேன். வேலைய விட்டுட்டேன்னு போன்ல சொல்லிக்கலாம்."

"வாய மூடிட்டு வா," என்றாள்.

கட்டடத்தின் கீழ்த்தளத்தில், முட்டி ஆபரேஷன் முடிந்து வந்த ஒருவர் ஏழாம் மாடிக்குப் போக வழியில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அக்கா முதலில் அவரிடம் போய், "என் தப்புதாங்க, மன்னிச்சிடுங்க," என்றாள். பிறகு ஒன்பது மாடியும் ஏறிப் போய், உச்சியில் இருந்த மெஷின் அறையில் பூட்டைத் திறந்தாள். சூப்பர்வைசரின் சட்டையெல்லாம் கிரீஸ். அவர் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. "நாளைக்கு நடந்தத எழுதி எடுத்துட்டு ஆபீஸுக்கு வா."

அறிக்கை எழுதுவது என்றாலே அக்காவுக்கு எட்டிக்காய். அன்று சாயங்காலம் ஒரு பக்கம் முழுக்க எழுதினாள். அலுவலகத்தில் யாருக்கும் தெரியாத ஏ.டி.ஹெச்.டி.யையும் எழுதினாள். இனிமேல் பூட்டும்போது வண்டிச் சாவியின் வளையத்தையும் பூட்டின் கம்பியில் கோத்துவிடுவேன், பூட்டைத் திறக்காமல் என்னால் வண்டியை எடுக்க முடியாது என்று ஒரு வழியும் சொல்லியிருந்தாள். 'என் ஞாபகத்தை நீங்கள் நம்ப வேண்டாம். நானே நம்புவதில்லை.'

மறுநாள் அலுவலக வாசலில் காத்திருந்தேன். முக்கால் மணி நேரம், கதவையும் தாண்டிச் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது அக்காவின் கண் சிவந்திருந்தது.

"நிரந்தரம் இல்ல. இன்னும் ஆறு மாசம் பாக்கணுமாம். உன் பூட்டப் பாத்தா உள்ள ஆள் இருக்குன்னு இனி எவனும் நம்ப மாட்டான், மொதல்ல அந்த நம்பிக்கைய சம்பாதின்னாரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பெரிய இவரு! விட்டுத் தள்ளுக்கா. எட்டு பேரு துரத்தினாங்க, இவரு ஒம்பதாவது."

"யாரும் துரத்தலடி."

"என்னது?"

"எட்டு இடத்துலயும் ஒருத்தர்கூட என்னப் போகச் சொல்லல. திட்டுவாங்கன்னு பயந்து மறுநாள்லேர்ந்து நானே போகாம இருந்துட்டேன். ஒரு இடத்துல ஒரு வாரம் முழுக்க வா வான்னு போன் பண்ணாங்க. நான் எடுக்கவே இல்ல."

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள்.

"இன்னைக்குத்தான் மொத தடவையா ஒருத்தர் எதிர்ல உக்காந்து முழுசா திட்டு வாங்கியிருக்கேன். தள்ளுடி, பதினோரு மணிக்கு வேலை இருக்கு."