பச்சைத்தோல் சுற்றிய குழாய்

ஒகக்காராரா ஊரில் மெக்கானிக் உவானிவிக்குப் பிடித்த மனிதர் என்று ஒருவரும் கிடையாது. பதினேழு வருடமாக டீசல் பிக்கப்புகளின் வயிற்றுக்கடியில் மல்லாந்து கிடப்பவனுக்கு, வண்டிக்காரர்கள் செய்கிற அசிங்கமெல்லாம் மூஞ்சியில்தானே சொட்டும்? டேங்க் ஒழுகினால் சோப்பை அப்பிக்கொண்டு வருவார்கள். ரேடியேட்டர் ஒழுகினால் மக்காச்சோள மாவைக் கொட்டுவார்கள். தூ! இவர்களுக்கெல்லாம் வண்டி ஒரு கேடா என்று வாய்விட்டே திட்டுவான். வெள்ளைக்காரப் பண்ணை ஒன்றின் பட்டறையில் தொழில் படித்தவன். இறைச்சி சுடும் கடைகளுக்குப் பின்னால், முள்மரத்தடியில் சொந்தமாகத் தொழில் வைத்திருந்தான். வேலை சுத்தம், வாய்தான் சாக்கடை என்று ஊரே சொல்லும்.

அந்த வியாழக்கிழமை மத்தியானம் ஒட்டீலியாவின் வெள்ளை பிக்கப் முனகிக்கொண்டே வந்து நின்றது. அவள் இனத்துப் பெண்கள் கட்டுகிற, மாட்டுக்கொம்பு போல இருபக்கமும் நீண்ட தலைப்பாகை கதவில் இடிக்காமல் குனிந்து இறங்கினாள். உள்ளே நிறைமாத வயிற்றோடு மகள் உச்சீவா. குழந்தை குறுக்கே கிடக்கிறது, நாளைக் காலை எட்டு மணிக்கு ஒச்சிவாரோங்கோ நகரத்து ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வண்டியோ ஸ்டியரிங் எண்ணெயை ஒழுக்கி ஒழுக்கி, திருப்பினால் திரும்ப மாட்டேன் என்கிறது. அன்று காலையும் மணலில் வளைவு திரும்பாமல் மரத்தில் முட்டப் பார்த்ததாம்.

உவானிவி பானெட்டைத் தூக்கினான். குப்பென்று ஒரு நாற்றம் அடித்தது.

"என்ன கருமம் இது? உள்ள எதைச் சாகடிச்சு வச்சிருக்கீங்க?"

"ஒண்ணும் சாகல. குழாய்ல தோல் சுத்தியிருக்கேன்."

"தோலா! எண்ணெய்க் குழாய்க்கா?"

கோடரிப்பிடி விரிந்தாலும் நாற்காலிக் கால் உடைந்தாலும் அந்தப் பக்கத்து ஜனங்கள் ஈரமான, பதனிடாத பச்சை மாட்டுத்தோலை வாராக அறுத்துச் சுற்றிவிடுவார்கள். காய்ந்தால் இரும்புப் பிடிதான். ஆனால் கொதிக்கிற எண்ணெயில் ஊறினால் அந்தத் தோல் என்ன ஆகும்? கூழாகும். ஆகியிருந்தது. மாட்டுமயிர் ஒட்டிய கொழகொழத்த சதை, அதில் மணல், செத்த ஈக்கள். கத்தியை வைத்ததும் ஒரு சொட்டு அவன் உதட்டில் விழுந்தது. காறித் துப்பினான். 

"ஏய், எல்லாரும் வாங்கடா!" என்று இறைச்சிக் கடைப் பக்கம் கத்தினான். "ஒட்டீலியாக்கா எஞ்சின்ல மாட்டுக்கால் சூப்பு வச்சிருக்கு!"

நாலு பேர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். ஒட்டீலியா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "புதுக் குழாய் ரெண்டு வாங்கியாந்திருக்கேன். பேசாம மாட்டு" என்றாள்.

இன்னும் திட்டிக்கொண்டே கடைசிச் சுற்றை உரித்தான். உரித்தவன் குனிந்து உற்றுப் பார்த்தான்.

தோலுக்கடியில் இருந்தது எண்ணெய்க் குழாயே அல்ல. ரேடியேட்டர் தண்ணீர்க் குழாயில் ஒரு துண்டு. எண்ணெய் பட்டு உப்பி, பிசினாகிக் கிடந்தது. இரண்டு முனையிலும் வேலிக்கம்பி. கம்பியின் முறுக்கு இடது பக்கமாக ஏறியிருந்தது. ஊரில் இடதுகையால் கம்பி முறுக்குகிற மெக்கானிக் ஒருவன்தான், அது உவானிவி.

பிப்ரவரியில் இவன் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்புகிற அவசரம். சுமெப் சுரங்கத்தில் வேலை பார்க்கிற ஒருவன் இதே வெள்ளை பிக்கப்பைக் கொண்டுவந்தான். உவானிவியின் கையில் சரியான குழாய் இல்லை. ஒரு வாரம் தாங்கட்டும் என்று இதைச் செருகிவிட்டு, "ஆயுசுக்கும் அசையாது" என்று சொல்லி அனுப்பினான். அந்தச் சுரங்கக்காரன் ஒட்டீலியாவின் மருமகன் என்பது இப்போதுதான் உறைத்தது. சீ, நானும் ஒரு மனுஷனா என்று தோன்றியது. 

அந்தத் துண்டைச் சுருட்டிச் சட்டைப்பையில் ஒளித்தான்.

அப்புறம் வேலையைத்தான் பார்த்தான். இரண்டு புதுக் குழாயையும் மாட்டினான். முன்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, எஞ்சினைப் போடாமலே ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் முப்பது தடவை திருப்பிக் காற்றை விரட்டினான். சிவப்பு எண்ணெய் நுரையில்லாமல் நின்ற பிறகே சாவியைப் போட்டான். முனகல் இல்லை.

ஒட்டீலியா கிட்டே வந்து தணிந்த குரலில் சொன்னாள்: "பையில வச்சதைத் தூக்கிப் போடு. நாத்தம் ஒட்டிக்கும்."

அவன் முகம் செத்துவிட்டது. "தெரியுமாக்கா?"

"தெரியாம? தோலைச் சுத்தறப்பவே பாத்துட்டேன். வேற மெக்கானிக்கிட்ட போயிருந்தா அவன் இதே இறைச்சிக் கடையில உன்னைக் காட்டிச் சிரிச்சிருப்பான். மூணு புள்ளைக்காரன் பொழப்பு கெடக் கூடாதேன்னுதான் பொறுத்தேன். எம்பொண்ணுக்கு இப்படி ஆகும்னு எனக்கென்ன தெரியும்?"

அவன் தலைகுனிந்தான். வண்டிக்குள் உச்சீவா வயிற்றைப் பிடித்தபடி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப வண்டி சரிதானே?" என்று கேட்டாள் ஒட்டீலியா.

"சரியாயிடுச்சுக்கா. இனிமே அசையாது."

"எம்மருமகன்கிட்டயும் இதையேதான் சொன்னியாம்."

உவானிவி ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மறுபடி வண்டிக்கடியில் போய்ப் படுத்து, முதல் நட்டிலிருந்து ஒவ்வொன்றாக இறுக்கிப் பார்க்க ஆரம்பித்தான்.